மாதிரிக்கு ஒரு பழைய சாமான்

சென்னை ஜி.பி. ரோட்டில் ஓர் உதிரிபாகக் கடை. செய்தித்தாளில் சுற்றி எடுத்துப்போன லோயர் ஆர்மை கவுன்ட்டரில் வைத்தேன். 1998ஆம் வருட மாருதி 800, வலது முன்சக்கரத்துடையது. கிரீஸும் மண்ணும் ஊறித் தாள் கறுத்துப்போயிருந்தது. கடைக்காரர் தாளைப் பிரிக்கவில்லை. "கார்பரேட்டர் வண்டியா, எம்.பி.எஃப்.ஐ-யா சார்?" என்று மட்டும் கேட்டார். லோயர் ஆர்முக்கும் கார்பரேட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று விழித்தேன். வண்டி எந்தக் காலத்தது என்று கண்டுகொள்ள அவருக்குப் பழகிய வழி அது. பதில் சொன்னதும் உள்ளே குரல் கொடுத்தார். ஓர் அட்டைப்பெட்டி வந்தது. பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் ஷெட்டில் மெக்கானிக் பெட்டியைப் பிரித்துப் புதியதைப் பழையதன் பக்கத்தில் வைத்தார். கண்ணாடியில் பார்த்ததுபோல இரண்டும் எதிரெதிராக வளைந்திருந்தன. "இது லெஃப்ட் சார்" என்றார்.

தப்பு கடைக்காரருடையது என்று அன்று முழுக்கத் திட்டிக்கொண்டிருந்தேன். மாதிரியைக் கையில் கொண்டுபோயும் பிரித்துக் காட்டாமல் திரும்பியவன் நான் என்பது ராத்திரிதான் உறைத்தது.

பழைய காருக்கு சஸ்பென்ஷன் வேலை என்றதும் எல்லோரும் சொல்லும் புத்திமதி ஒன்றுதான்: "ஒரிஜினலா போட்டுடுங்க." நல்ல எண்ணம்தான். ஆனால் இருபது, முப்பது, ஐம்பது வருடம் ஓடிய வண்டிக்கு அது பாதிப் பதில்கூட ஆகாது. சில பாகங்களுக்கு ஒரிஜினல் என்று எதுவும் இப்போது உலகத்தில் இல்லை. சிலவற்றில், பெட்டி பிரிக்காமல் கிடக்கும் ஒரிஜினலைவிட போன மாதம் அச்சில் வார்த்த வெளிக்கம்பெனிச் சாமான் மேல். சிலவற்றை லேத்துப் பட்டறையில் கடைந்துகொள்வதுதான் முறை. சிலவற்றைச் சும்மா கொடுத்தாலும் வாங்கக் கூடாது. எதை எங்கே வாங்கலாம் என்பதை அந்தப் பாகம் எப்படிச் சாகும் என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது, இத்தனை வருடம் அலைந்ததில் எனக்குப் பிடிபட்டது. மெல்லத் தேய்ந்து சாகிறதா, சத்தம் போட்டுச் சாகிறதா, ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் ஒடிகிறதா?

முதலில் சத்தம் எங்கே?

வாங்குவதற்கு முன், வாங்கத்தான் வேண்டுமா என்று பார்க்க வேண்டும். ஒரு சமயம் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் பின்னாலிருந்து 'டொக்' என்று கேட்டது. ஷாக் போய்விட்டது என்றார் ஒருவர். ஷாக்கின் அடிப் புஷ் என்றார் இன்னொருவர். ஒரு ஜோடிக்கு விலைகூட விசாரித்தாகிவிட்டது. கடைசியில் பார்த்தால், டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் கட்டாமல் கிடந்த ஜாக்கி.

சக்கரத்தைத் தூக்கிவைத்து மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பார்ப்பது எல்லா ஷெட்டிலும் நடப்பதுதான். ஆட்டம் இருந்தால் உடனே "பால் ஜாயின்ட்" என்று எழுதிவிடுவார்கள். அங்கே ஒரு படி விட்டுப்போகிறது. ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை அழுத்திப் பிடிக்க, மீண்டும் ஆட்ட வேண்டும். ஆட்டம் நின்றால் அது வீல் பேரிங். அப்படியே இருந்தால் பால் ஜாயின்ட். இடம் வலமாக ஆட்டும்போது மட்டும் தெரிந்தால் டை ராடு எண்டைச் சந்தேகிக்கலாம். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் 'டங்' என்று துள்ளினால் மேலே ஸ்ட்ரட் மவுன்ட்டில் இருக்கும் பேரிங் இறுகிவிட்டது. இந்தப் பத்து நிமிடச் சோதனையைச் செய்யாமல் "மொத்த செட்டும் மாத்திடலாம் சார்" என்பவரிடம் வண்டியை விடாமல் இருப்பதே முதல் சிக்கனம்.

மூன்று விதப் பழசு

பழைய கார் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். உதிரிபாகம் தேடுகிறவனுக்கு அதில் மூன்று ஜாதி உண்டு.

முதல் ஜாதி, செய்த கம்பெனி இன்னும் தொழிலில் இருக்கும் கார். மாருதி 800 அப்படி. 1983இல் வந்தது, 1986இல் உடலே மாறியது, 2014 ஜனவரியில் கடைசி வண்டி வெளியேறியது. பெயர் ஒன்று என்பதற்காக எல்லா 800-ம் ஒன்றல்ல. கடைக்காரர் கார்பரேட்டரை விசாரித்ததும் இதனால்தான். இவ்வகைக் காருக்குப் பாக எண் என்ற பெரிய வசதி இருக்கிறது. சுசூகி வழி எண்களில் முதல் ஐந்து இலக்கம் அது என்ன பாகம் என்பதைச் சொல்லும். பின்னால் வருவது எந்த மாடலுக்கு என்பதை. முன்பக்க லோயர் ஆர்ம் என்றால் 45201 வலது, 45202 இடது. என் பெட்டியின் ஓரத்தில் அந்தக் கடைசி '2' பளிச்சென்று அச்சாகியிருந்தது. படிக்கத் தெரிந்திருந்தால் ஒரு நாள் மிச்சமாகியிருக்கும்.

கம்பெனிக் கவுன்ட்டரில் சேசிஸ் எண்ணைச் சொல்லி எண் எடுப்பதுதான் சரியான தொடக்கம். ஆர்.சி.யில் பதிவான வருடத்தை மட்டும் சொன்னால் ஏமாறலாம். டிசம்பரில் செய்த வண்டி அடுத்த வருடக் கணக்கில் பதிவாகியிருக்கும். தயாரிப்பு மாதமும் ஆர்.சி.யிலேயே இருக்கிறது, அதைத்தான் பார்க்க வேண்டும். எண் கிடைத்தபின் "சார், அந்த நம்பர் நின்னுபோச்சு" என்று வரலாம். அப்போது விட்டுவிடாமல், அதற்கு மாற்று எண் வந்திருக்கிறதா என்று இன்னொரு கேள்வி கேட்க வேண்டும். பழைய எண்ணை ஒழித்துவிட்டு அதே பாகத்தைப் புது எண்ணில் தொடர்வது எல்லா கார் கம்பெனிகளிலும் உள்ள வழக்கம்.

இரண்டாவது ஜாதி, கம்பெனி கடையைக் கட்டிவிட்டாலும் ஊரெல்லாம் ஓடிய கார். அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் வரிசைக் காரிலிருந்து பிறந்த அம்பாசடர் 1950களின் இறுதியில் தொடங்கி 2014 மே வரை வங்காளத்தின் உத்தர்பாராவில் உருவானது. ஃபியட் 1100 டிலைட் 1974இல் பத்மினியாகப் பெயர் மாறி, மும்பை குர்லாவில் ஏறக்குறைய நூற்றாண்டு முடியும்வரை வந்துகொண்டிருந்தது. இவற்றுக்கு இன்றும் புஷ்ஷும் கிங் பின் செட்டும் கிடைப்பதற்குக் காரணம் நம்மைப் போன்ற பழைய கார் பைத்தியங்கள் என்று நினைத்துக்கொள்வது சுகமாக இருக்கலாம். உண்மையில் அவற்றை உயிரோடு வைத்திருந்தது டாக்ஸிக்காரர்கள். தினமும் நூறு கிலோமீட்டர் ஓட்டிப் புஷ்ஷைத் தின்று தீர்ப்பவன் இருந்தால்தான் சின்னப் பட்டறைக்காரன் அச்சு செய்து வார்ப்பான். மும்பையின் கடைசி பத்மினி டாக்ஸி 2023 அக்டோபரோடு ஓய்வு பெற்றது. இருக்கும் கையிருப்பு தீரும்வரை சிரமமில்லை. அதன்பின் அச்சுகள் பழைய இரும்புக்குப் போகும். பத்மினி வைத்திருப்பவர்கள் ஒரு செட் கூடுதலாக வாங்கி வைப்பது பேராசையில் சேராது. ரப்பரை மட்டும் அப்படிச் சேர்க்கக் கூடாது, அதற்குப் பின்னால் வருகிறேன்.

மூன்றாவது ஜாதியில் நம் ஊர்க் கார் ஒன்று இருக்கிறது: ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆலையில் 1960களில் உருவானது. ஆலை 1980களின் இறுதியிலேயே மூடிவிட்டது; டாக்ஸியாகப் பெருகாததால் உள்ளூரில் அச்சும் இல்லை. ஆனால் அதன் மூலக் கார் இங்கிலாந்தின் ட்ரையம்ப் ஹெரால்ட். அங்கே அந்தக் குடும்பத்துக் கார்களை இன்றும் ஆயிரக்கணக்கில் வைத்துக் கொஞ்சுகிறார்கள். அதனால் பல்லாவரத்தில் நிற்கும் ஹெரால்டுக்கு முன்பக்கப் பாகம் புதுப்பேட்டையைவிட இங்கிலாந்தில் சுலபமாகக் கிடைக்கும். ஹெரால்டின் முன் சக்கரத்தைத் தாங்கும் அமைப்புதான் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயருக்கும் போனது. அதிலிருந்து வளர்த்த வடிவம் லோட்டஸ் எலானிலும் இருக்கிறது. ஸ்பிட்ஃபயர் 1980 வரை விற்ற கார். 'ஹெரால்ட்' என்று தேடினால் கிடைக்காதது 'ஸ்பிட்ஃபயர்' என்று தேடினால் கிடைக்கும். பழைய காருக்கு அதன் உறவுமுறை தெரிந்திருப்பது பாதி உதிரிபாகக் கடைக்குச் சமம்.

உறவிலும் பொறி உண்டு. 1972இல் ஹெரால்டின் வாரிசாக வந்த கெஸலில் பின் ஆக்ஸில் அமைப்பையே மாற்றிவிட்டார்கள். முன்பக்கத்தை நம்பிப் பின்பக்கத்துக்கும் அதே உறவைக் கொண்டாடினால் பார்சல் செலவு வீண்.

சொல்லாமல் ஒடிவது

ஹெரால்டைப் பற்றிப் பேசும்போதே ட்ரன்னியனைச் சொல்லிவிட வேண்டும். நல்லதைத் தப்பாகப் பராமரித்தால் என்ன ஆகும் என்பதற்கு அது பாடம். முன் சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் அடியில் மரை இருக்கும். அது ஒரு பித்தளை உருவுக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது அந்த மரைதான் சுழல்கிறது. இடப்பக்கத்துக்கு இடமரை, வலப்பக்கத்துக்கு வலமரை. மாற்றிப் பூட்ட முடியாது. அதற்குக் கொடுக்க வேண்டியது கியர் ஆயில், 90 கிரேடு. நம் ஷெட்டுகளில் நிப்பிளைப் பார்த்ததும் கிரீஸ் கன் கை தானாக நீளும். கிரீஸ் மரைக்குள் போய்ச் சேராது, வாயிலேயே காய்ந்து கட்டியாகும். அடியில் தண்ணீர் தங்கி எஃகுத் தண்டு அரிக்கும். ஒரு நாள் வண்டியைத் திருப்பி நிறுத்தும்போது தண்டு ஒடிந்து சக்கரம் மடங்கிப் படுத்துவிடும். வேகமாகப் போகும்போது நடக்காமல் பெரும்பாலும் மெதுவாகத் திருப்பும்போதே நடப்பது ஒரு புண்ணியம். எனவே ஹெரால்ட் வாங்குகிறவர் புது ட்ரன்னியனை வரவழைப்பதோடு நிறுத்தாமல், கழற்றிய தண்டின் மரையைச் சுத்தமாகக் கழுவி, வெயிலில் வைத்துப் பார்க்க வேண்டும். துரு தின்ற பள்ளம் ஒன்று தெரிந்தாலும் தண்டையும் மாற்றியாக வேண்டும்.

இன்றைய கார்களில் இந்த வேலையைச் செய்வது பால் ஜாயின்ட். அதுவும் இதே ஜாதிதான். கழன்றால் சக்கரம் சாயும். ஆகவே என் கணக்கில் பால் ஜாயின்ட்டும் டை ராடு எண்டும் புதிதாக, பெயருள்ள கம்பெனியிடம், பில்லோடு வாங்க வேண்டியவை. வண்டிக் கம்பெனியின் பெட்டிதான் வேண்டும் என்று அடம்பிடிக்க அவசியமில்லை. கார் கம்பெனிகள் இவற்றைத் தாங்களே செய்வது குறைவு. சென்னையின் ரானே குழுமம் ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் இணைப்புகளைப் பல பத்தாண்டுகளாகக் கார் கம்பெனிகளுக்குச் செய்து கொடுக்கிறது, அதையே தன் பெயரிலும் கடைகளில் விற்கிறது. 1961இல் தொடங்கிய கேப்ரியல் இந்தியா ஷாக் அப்சார்பரில் அப்படி. தாய்க் கம்பெனியின் முத்திரை இல்லாததால் விலை குறைவு. செய்த கை ஒரே மாதிரி. பழைய காருக்கு இதுதான் நல்ல நடுவழி.

பால் ஜாயின்ட் வாங்கும்போது, ஸ்டீயரிங் நக்கிளையும் கொண்டுபோனால் கடையிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை. பல வண்டிகளில் அதன் தண்டு மேலே சிறுத்துக் கூம்பாக இருக்கும். ஸ்டீயரிங் நக்கிளின் துளையும் அதே சரிவில் இருக்க வேண்டும். பக்கத்து மாடலின் ஜாயின்ட் பார்க்க ஒரே மாதிரி இருந்து, சரிவு மட்டும் வேறாக இருக்கும். நட்டை முறுக்கினால் இறுகும். ஆனால் உள்ளே ஒரே ஒரு வளையத்தில்தான் பிடித்திருக்கும். கூம்பின் நீளவாக்கில் மார்க்கர் பேனாவால் நாலு கோடு இழுத்து, நக்கிளில் செருகி ஒரு திருப்புத் திருப்பி எடுத்தால் விஷயம் தெரிந்துவிடும். கோடு முழுக்க அழிந்திருந்தால் பொருத்தம். நுனியில் மட்டும் அல்லது அடியில் மட்டும் அழிந்திருந்தால் அது உங்கள் வண்டிக்கானது அல்ல. "ரெண்டு மாடலுக்கும் ஒண்ணுதான் சார்" என்ற வகை உறுதிமொழிகளுக்கு இந்த மார்க்கர் பேனா நல்ல பதில். கடைக்காரர் சொல்வது சில சமயம் சரியாகவே இருக்கும். எப்போது சரி என்பதைக் கோடு சொல்லும்.

பெட்டிக்குள்ளேயே வயதாவது

ரப்பர் விஷயத்தில் நம் ஊரில் ஒரு மூடநம்பிக்கை உண்டு: பெட்டி பிரிக்காத பழைய ஸ்டாக் என்றால் தங்கம் என்று. "அந்தக் காலத்து மால் சார், இப்ப வராது" என்று பரணிலிருந்து எடுத்துத் தருவார்கள். இரும்புக்கு அது சரி. லோயர் ஆர்ம் புஷ்ஷும் ஸ்டெபிலைசர் பார் புஷ்ஷும் பெரும்பாலும் இயற்கை ரப்பர். காற்றிலுள்ள ஓசோன், வெளிச்சம், வெப்பம் மூன்றும் அதைச் சும்மா கிடக்கும்போதே கிழடாக்கும். ரப்பர் பொருள்களைச் சேமிப்பது பற்றிய ஐ.எஸ்.ஓ. 2230 தரநிலை இயற்கை ரப்பருக்கு ஆரம்பக் கெடுவாகச் சொல்வது 5 வருடம். அதுவும் குளிர்ச்சியான, இருட்டான இடத்தில் வைத்தால். தகரக் கூரைக்குக் கீழே சென்னை மே மாதத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பொட்டலத்தின் மேல் மாதமும் வருடமும் அச்சிட வேண்டும் என்று எடையளவுச் சட்ட விதி இருக்கிறது. எம்.ஆர்.பி.யைப் பார்த்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிப் போடுகிறோம். ரப்பருக்கு அந்தத் தேதிதான் ஜாதகம். அது அடைத்த தேதியாகவும் இருக்கலாம் என்பதால், முடிந்தால் ரப்பரையே பார்க்கலாம். பல அச்சுவார்ப்புகளில் சின்னக் கடிகாரம் போன்ற வட்டம் இருக்கும்: நடுவில் வருடம், சுற்றிலும் மாதத்துக்குப் புள்ளியோ அம்போ. அதுவும் இல்லையென்றால் கட்டைவிரல் நகம் போதும். அழுத்தி எடுத்தால் தடம் மறைய வேண்டும். லேசாக மடக்கினால் மேல்தோலில் நரைக்கோடுகள் ஓடினால், அதை அதே பரணுக்கே திருப்பி அனுப்பலாம்.

இதனால்தான் புஷ்ஷில் நான் தேதியைப் பார்க்கிறேன், முத்திரையை அடுத்துத்தான். புஷ் ஒரே நாளில் கைவிடாது. முதலில் சத்தம், பிறகு டயர் ஓரத் தேய்மானம், பிறகு பிரேக் பிடிக்கும்போது ஒரு பக்க இழுப்பு என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டே சாகும். தப்பான சாமான் என்றாலும் திருத்திக்கொள்ள நேரம் உண்டு. பாலியூரித்தேன் புஷ் வைத்திருக்கிறோம் என்று இப்போது நிறையப் பேர் விற்கிறார்கள். நீண்ட நாள் உழைக்கும்தான். கூடவே சாலையின் ஒவ்வொரு கல்லையும் உள்ளே கொண்டுவந்து கொட்டும், கிரீஸ் இல்லாவிட்டால் கீச்சிடும். அலுவலகத்துக்குப் போய்வரும் 800-க்கு எதற்கு?

பத்மினி போன்ற கிங் பின் வண்டிகளில் உலோகப் புஷ்கள் உண்டு. அங்கே லேத்துதான் ராஜா. வெண்கலத்தில் கடைந்து வாங்குவதில் கோயம்புத்தூர்ப் பட்டறைக்காரர்களை மிஞ்ச ஆளில்லை என்பது என் அனுபவம். பம்ப்செட் தொழிலில் பழகிய கை. ஆனால் புஷ்ஷை அடித்து உள்ளே ஏற்றியதும் அது சற்றே இறுகிச் சுருங்கும். ஏற்றியபின் மேலும் கீழும் ஒரே நேர்கோட்டில் ரீமர் போட்டால்தான் பின் சீராகச் சுழலும். கடைந்து கொடுப்பவரிடம் ரீமர் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். "எமரி பேப்பர் போட்டுத் தேய்ச்சுக்கலாம்" என்று பதில் வந்தால் அடுத்த பட்டறை.

ஸ்பிரிங்கும் ஷாக்கும்

ஸ்பிரிங்கில் ஏமாறுவது சுலபம், ஏனென்றால் தப்பான ஸ்பிரிங்கும் கச்சிதமாக உட்காரும். காயில் ஸ்பிரிங்கின் விறைப்பு, கம்பிக் கனத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. 10 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதில் 11 மில்லிமீட்டர் என்றால் கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம். மற்ற அளவுகள் ஒன்றாக இருந்தால் விறைப்பு ஏறக்குறைய 46 சதவீதம் கூடிவிடும். வண்டி கட்டைவண்டியாகும். ஆகவே வெர்னியர் காலிபர் இல்லாமல் ஸ்பிரிங் வாங்கக் கூடாது: கம்பிக் கனம், வெளி விட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை, சும்மா நிற்கும் உயரம். உயரம் மட்டும் பழையதைவிட அதிகமாக இருந்தால் பயப்பட வேண்டாம்; உங்களுடையது தொய்ந்திருக்கிறது. காயிலில் பூசியிருக்கும் வண்ணப் பொட்டு கம்பெனியின் தர அடையாளம், துடைத்துப் பார்த்துக் குறித்துக்கொள்வது நல்லது.

பட்டை ஸ்பிரிங்குக்கு இவ்வளவு கவலை வேண்டாம். லாரிக்குப் பட்டை கட்டுபவர்கள் நெடுஞ்சாலை ஊர்களிலெல்லாம் இருக்கிறார்கள். அம்பாசடரின் பின்பட்டையைப் பிரித்து, வளைவு ஏற்றி, ஒடிந்த தகட்டை மட்டும் மாற்றித் தருவார்கள். அதே அம்பாசடரின் முன்பக்கம் வேறு கதை: அங்கே டார்ஷன் பார். முறுக்கு வாங்கி வாங்கி ஒரு திசைக்குப் பழகிய கம்பி அது. கழற்றிய வண்டியிலிருந்து வாங்கினால் எந்தப் பக்கத்திலிருந்து வந்ததோ அந்தப் பக்கத்துக்கே போட வேண்டும். எதிர்த்திசையில் முறுக்கினால் ஒடியக்கூடும்.

ஷாக்கைத் துளைபோட்டு எண்ணெய் ஊற்றி வெல்டிங் வைத்துத் தரும் கடைகள் இன்னும் இருக்கின்றன. தண்டின் குரோம் பூச்சில் பொரி விழுந்திருந்தால் புது சீல் ஒரு மாதத்தில் கிழியும். கேஸ் நிரப்பியதில் வெல்டிங் வைப்பது ஆபத்து. பழைய லீவர் வகை ஷாக்கைப் பிரித்துச் சீர்செய்வது தனி வித்தை. அதை இதோடு சேர்க்க மாட்டேன். புது ஷாக் வாங்கினால் பூட்டும் முன் நிமிர்த்திப் பிடித்து ஐந்தாறு முறை முழுக்க இழுத்து அழுத்த வேண்டும். மாதக்கணக்கில் படுத்துக் கிடந்ததில் உள்குழாயில் காற்று புகுந்திருக்கும். இதைச் செய்யாமல் பூட்டிவிட்டு "புது ஷாக்கே டூப்ளிகேட்" என்று திரும்பக் கொண்டுவந்து சண்டை போடுபவர்களைக் கடையில் பார்த்திருக்கிறேன்.

கழற்றிய சாமான்

புதுப்பேட்டைக்குப் போகாமல் இந்த விஷயம் முடியாது. கூவத்தை ஒட்டிய அந்தச் சந்துகளில் கார் கதவுகள் துணி மடித்ததுபோல அடுக்கியிருக்கும். டெல்லிக்கு மாயாபுரி, கல்கத்தாவுக்கு மல்லிக் பஜார், கொழும்புக்குப் பஞ்சிகாவத்தை மாதிரி நமக்கு இது. இங்கே வாங்கத் தகுந்தவை தேயாத பாகங்கள்: நக்கிள், கிராஸ் மெம்பர், பிராக்கெட், ஹப். புதிதாக எங்கும் கிடைக்காதவையும் இவைதான். வாங்கத் தகாதவை பால் ஜாயின்ட், புஷ், ஷாக், ஸ்ட்ரட் மவுன்ட். பெயின்ட் அடித்துப் பளபளக்கும் ஸ்ட்ரட்டைக் கண்டால் அந்தப் பெயின்ட் எண்ணெய்க் கசிவை மறைக்கவே என்று எடுத்துக்கொள்வது நல்லது.

"ஆக்ஸிடென்ட் வண்டியா பாய்?" என்று கேட்டால் "சேச்சே, ஓடுன வண்டி சார்" என்றுதான் பதில் வரும். வேறென்ன சொல்வார்? சந்தேகத்தைத் தீர்க்க ஒரே வழி, இடது வலது இரண்டையும் கேட்டு வாங்கி முதுகோடு முதுகாக ஒட்டி வைத்துப் பார்ப்பது. துளைகள் நேருக்கு நேர் வராவிட்டால் இரண்டில் ஒன்று வளைந்தது. துருவின் மேல் முடிக்கோடு போல ஒரு விரிசல், புதிதாக வெல்டிங் வைத்த தடம், ஒரு பக்கம் மட்டும் உரிந்த பெயின்ட், இவற்றில் எது தெரிந்தாலும் பேரத்தை அங்கேயே நிறுத்திவிடலாம்.

இலங்கையில் இந்தக் கழற்றிய சாமான் பொருளாதாரம் இன்னும் ஆழமானது. 2020இல் வாகன இறக்குமதி நின்று, தனியார் கார்களுக்கு 2025 பிப்ரவரியில்தான் வழி திறந்தது. இடைப்பட்ட காலமெல்லாம் இருந்த கார்களை வைத்தே ஓட்டினார்கள். அதற்கும் முன்பே யாழ்ப்பாணத்தில், போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது, ஆஸ்டின், மோரிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டிக் காட்டியவர்கள் அவர்கள். இல்லாததை உருவாக்கிக்கொள்வதில் நம்மைவிட இரண்டு வகுப்பு மேலே படித்தவர்கள்.

போலிப் பெட்டிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல அதிகமில்லை. எழுத்துப் பிழை, மங்கிய அச்சு, எண்ணுக்கும் உள்ளிருக்கும் பொருளுக்கும் பொருந்தாமை எல்லாம் தெரிந்ததே. பெரிய அடையாளம் பில்தான். 2025 செப்டம்பரில் வாகன உதிரிபாகங்களுக்கான ஜி.எஸ்.டி. ஒரே சீராக 18 சதவீதமாகிவிட்டது. அதற்கு முன் பலவற்றுக்கு 28. "பில் இல்லாம வாங்கிக்கங்க, குறைச்சுத் தர்றேன்" என்பதில் முன்பிருந்த கவர்ச்சியும் இப்போது இல்லை. பில் இல்லாத பால் ஜாயின்ட்டைத் திருப்பிக் கொடுக்க யாரிடம் போவீர்கள்? 15 வருடம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 2022இலிருந்து 5,000 ரூபாய், 20 வருடம் தாண்டினால் 2025இலிருந்து 10,000 என்று கட்டணம் கட்டுகிற நாம், நூறு இருநூறு ரூபாய்க்காக அந்த ரசீதை விடுவது விசித்திரம்.

பூட்டும் இடத்தில்

சரியான சாமானை வாங்கியும் ஆறு மாதத்தில் புஷ் கிழிந்தால் பழி சாமான் மேல் விழும். காரணம் பெரும்பாலும் ஷெட்டில் இருக்கிறது. வண்டியைத் தூக்கிவைத்து, சக்கரம் தொங்கும் நிலையிலேயே லோயர் ஆர்ம் போல்ட்டை முழுக்க முறுக்கிவிடுவார்கள். ரப்பர் அந்த நிலையில் இறுகப் பிடித்துக்கொள்ளும். வண்டியைக் கீழே இறக்கியதும் ஆர்ம் மேலே போகும், ரப்பர் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டு நிற்கும். போல்ட்டைத் தளர்வாக வைத்து, வண்டியைத் தரையில் இறக்கி, ஆளை ஏற்றி நாலு முறை அமுக்கி ஆட்டிவிட்டு, அந்த நிலையில் டார்க் ரென்ச்சால் முறுக்க வேண்டும். கீழே படுத்து முறுக்கச் சிரமம் என்பதால்தான் இதைத் தவிர்க்கிறார்கள். பிட் உள்ள ஷெட்டாகத் தேடிப் போவதற்கு இது ஒரு காரணம் போதும்.

ஷாக்கும் ஸ்பிரிங்கும் இரண்டு பக்கமும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். பால் ஜாயின்ட்டை ஒரு பக்கம் மட்டும் மாற்றலாம், ஜோடியாக என்று வற்புறுத்துவது விற்பனை. எதை மாற்றினாலும் அலைன்மென்ட் உண்டு; ஸ்பிரிங்கை மாற்றினால் மட்டும் உடனே அல்ல. புது ஸ்பிரிங் உட்கார இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் ஓடட்டும். அதுவரை ஸ்டீயரிங் சற்றுக் கோணலாக நின்றால் நிற்கட்டும்.

அந்த இடப்பக்க ஆர்மைக் கடைக்காரர் மறுவாரம் மாற்றிக் கொடுத்தார், பில் இருந்ததால். இந்தமுறை கவுன்ட்டரிலேயே தாளைப் பிரித்துப் பழையதைப் புதியதன் மேல் படுக்க வைத்தேன். புஷ் துளை, பால் ஜாயின்ட் தண்டு, ஸ்டெபிலைசர் பார் நுழையும் இடம் மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. "வீட்டுக்குப் போய்ப் பாருங்க சார், கடையை அழுக்காக்காதீங்க" என்று முகம் சுளித்தவர், பழைய ஆர்மை எடைக்குப் போட்டுவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்று அதே தாளில் மறுபடி சுற்றி எடுத்துவந்துவிட்டேன். 'வலது, 45201' என்று சுண்ணாம்பு எழுத்தில் ஷெட் ஆணியில் தொங்குகிறது.